வேல நெற்றோடு விழுந்த கூடுகள்

தங்கச் சுரங்க விடுதி, வெல்கோம்
28 மே 1984

செபாகாவின் அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் செபாகாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் வயிறு இப்போது நன்றாகத் தெரியுமே. கனமான குடம் தூக்காதே என்றால் நீ கேட்கப்போவதில்லை. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

விடுப்பு முடிந்து வந்த நம் பக்கத்து ஆள் ஒருவன், மொலோபோ ஆறு முழுக்க மணலாகக் கிடக்கிறது, புல் என்ற பேச்சுக்கே இடமில்லை என்கிறான். கேட்டதிலிருந்து சுரங்கத்துக்குள் இறங்கினாலும் மாடுகள்தான் கண்முன் நிற்கின்றன. பதினொன்றும் நிற்கின்றனவா?

கவனமாகப் படி. பட்டிக்குப் பின்னால் இருக்கிற பெரிய வேலமரங்களில் இப்போது நெற்று முற்றியிருக்கும். தானாக விழட்டும் என்று உட்கார்ந்திருக்காதே. நீளத் தொரட்டியால் கிளைகளை இழுத்து உலுக்கு. விழுந்ததை வாரிக்கொண்டு வந்து பட்டிக்குள் கொட்டு. அறுபத்தைந்தாம் வருடப் பஞ்சத்தில் அப்பா அப்படித்தான் மந்தையைக் காப்பாற்றினார். ஒரு கிளையையும் விடாதே.

இன்னொன்று. சிரிக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டப் போட்டியில் பாசோத்தோ இனத்து ஆட்களிடம் தோற்றுவிட்டோம். கூடு கோத்த எங்கள் கால் சலங்கை எல்லாம் நசுங்கிப்போய் சத்தமே வரவில்லை. ஒருத்தன் கேட்டான், "என்னப்பா, கால்ல பஞ்சு கட்டிட்டு வந்தீங்களா?" அதே வேலமரங்களில் சலங்கைக் கூடு தொங்கும், பார்த்திருப்பாய். இருநூறு பொறுக்கி அனுப்பு. பெருவிரல் பருமன் இருக்கிற நல்ல கூடாகப் பார். பொடிசு எதுவும் வேண்டாம், அதில் கல் போட்டால் ஒலிக்காது.

அண்ணனிடம் கேட்டுச் செய். அவர் கொஞ்சம் முசுடு. ஆனால் மாடு தெரிந்தவர்.

லெட்சோலோ

*

மாட்டுப்பட்டி, மொலோபோ ஆற்றுப் பக்கம்
6 ஜூலை

செபாகாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. வந்த அன்றே தொரட்டி கட்டினேன். ஐந்து நாள் உலுக்கியிருக்கிறேன். கழுத்து திரும்பவில்லை.

இருநூறு கூட்டையும் மூட்டை கட்டி, இங்கிருந்து சுரங்க வேலைக்குத் திரும்புகிறவர்களின் லாரியில் கொடுத்துவிட்டிருக்கிறேன். பெரியதாகப் பார்த்துத்தான் பொறுக்கினேன். பொறுக்கிய கை இரண்டும் வீங்கிப்போய்விட்டன. அந்தக் கூட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத முள்மயிர் இருக்கிறது, ஆடுகிறவர்களுக்கு அது தெரியாது. உங்கள் கால் ஆடவும் என் கை எரியவும் சரியாகப்போயிற்று.

மாடுகள் நெற்றை ஆசையாகத் தின்றன. முதல் வாரம் எனக்கே சந்தோஷமாக இருந்தது. பிறகு ஒற்றைக்கொம்பு அசைபோடுவதை நிறுத்தியது. வயிறு முரசு மாதிரி இருக்கிறது, ஆனால் தின்ன வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இடத்தைப் பார்த்தபடி நின்றது. ஐந்தாம் நாள் விழுந்தது. அதற்கு அடுத்து புள்ளி. பட்டினியால் செத்த மாடு எனக்குத் தெரியும், விலா எலும்பை எண்ணலாம். இவை வயிறு நிறைந்து செத்தன.

உங்கள் அண்ணன் வந்து பார்த்தார். மாட்டைப் பார்த்ததைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார். "நீ பட்டிக்குள்ள போனியா?" என்றார். மேய்ப்பவன் ஏப்ரலிலேயே ஓடிவிட்டான், நான் போகாமல் யார் போவது என்றேன். "நான் அதக் கேக்கல. எந்த ஒடம்போட போன?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

இப்போது மயிலையும் அசைபோடவில்லை. செத்துக் கிடக்கும் முன் அறுத்தால் இறைச்சியாவது மிஞ்சும். கறிக்கடைக்காரனிடம் கேட்டேன். "ஒன் புருசன் சொல்லாம ஒன் கையால நான் மாடு வாங்க மாட்டேன் தாயி, நாளைக்கு எனக்கு வம்பு" என்கிறான். ஒரு வரி எழுதி அனுப்புங்கள், அறுக்கலாம் என்று. உங்கள் பதில் வரும்வரை அது நிற்குமா என்பது தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் எழுத இருக்கிறது. இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

செகாமெத்சி

*

வெல்கோம்
1 ஆகஸ்ட்

செகாமெத்சிக்கு,

உன் கடிதத்துக்கு இரண்டு நாள் முன்பே அண்ணனின் கடிதம் வந்துவிட்டது. நீ எழுதாமல் விட்டதை அவர் எழுதிவிட்டார்.

மே மாதமே பிள்ளை கலைந்துவிட்டது. ஜூலையில் நீ எனக்கு எழுதுகிறாய், கை எரிகிறது என்று. கழுத்து திரும்பவில்லை என்று. நான் இங்கே அறைத் தோழர்களிடம் பெயர் யோசித்துக்கொண்டிருந்தேன். பதினாறு பேர் இருக்கிற அறையில் அண்ணன் கடிதத்தைப் படித்துவிட்டு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இருந்தேன்.

எங்கே புதைத்தாய்? நிழலில், ஈர மண்ணில், வீட்டுக்குள்தானே? மழையைத் தடுக்கிற மாதிரி வெயிலில் இல்லையே? அண்ணன் அதைத்தான் கேட்கிறார். ஊரில் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்களாம். வைத்தியர் வந்து, பிள்ளை கலைந்த உடம்பின் சூட்டை இறக்காமல், அப்படியே மாட்டின் நடுவே நடந்திருக்கிறாய். மாட்டுக்கு அது ஆகாது என்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும் போயிருக்கிறாய்.

நீ வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் இரண்டு மாடு போய்விட்டது. மயிலை அப்பா கொடுத்த மாடு, அதை அறுக்கவேண்டாம். செபாகாவைக் கூட்டிக்கொண்டு உன் அம்மா வீட்டுக்குப் போ. மாடுகளை அண்ணன் பார்த்துக்கொள்வார். அவருக்கும் இன்றே எழுதியிருக்கிறேன்: மாட்டை வெளியே விட்டு இளைக்கவிட வேண்டாம், பட்டியிலேயே அடைத்து நெற்று போடுங்கள், இன்னும் நன்றாக உலுக்குங்கள் என்று.

பட்டிக்குள் இனி காலெடுத்து வைக்காதே.

கூடுகள் வந்து சேர்ந்தன. ஜெயித்தோம்.

லெட்சோலோ

*

அம்மா வீடு
2 செப்டம்பர்

செபாகாவின் அப்பாவுக்கு,

போகச் சொன்னீர்கள், வந்துவிட்டேன். இப்போது நான் சொல்வதையும் நீங்கள் கேட்கவேண்டும்.

வீட்டுக்குள்தான் புதைத்தேன். நாம் படுக்கிற பக்கத்துச் சுவரோரம் தரையைக் கிளறி, தண்ணீர் தெளித்து, மறுபடி சாணியால் மெழுகினேன். கிணற்றிலிருந்து திரும்பும் வழியில் வலி வந்தது. கூட யாரும் இல்லை. உங்களுக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். அதற்குள் உங்கள் கடிதம் வந்தது, அதில் தொடக்கத்திலேயே என் வயிற்றை விசாரித்திருந்தீர்கள். அதற்கு அப்புறம் எனக்கு எழுத வரவில்லை. இதில் தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

மாட்டு விஷயத்தில் தப்பு என்னுடையது இல்லை.

உங்கள் கடிதம் வருவதற்குள் மயிலை செத்துவிட்டது. உங்கள் அண்ணன் பட்டிக்கு வெளியே இழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நான் கத்தியை எடுத்துக்கொண்டு போய் அதன் வயிற்றைக் கிழித்தேன். பெண்பிள்ளை செய்கிற வேலையில்லை என்று எனக்கும் தெரியும். இரைப்பையை அறுத்ததும் கத்தி நின்றுவிட்டது. உள்ளே கயிறு. நம்பினால் நம்புங்கள், என் கை பருமனுக்கு முறுக்கிய கயிறு, இழுக்க இழுக்க வருகிறது. நூல் நூலாகப் பிரிந்து, புல்லோடும் நெற்றுத்தோலோடும் சிக்கி, பந்தாகி, குடலுக்குப் போகிற வாயை அடைத்திருந்தது. அதற்குள் பிரியாமல் கிடந்தவற்றை எண்ணினேன். நாற்பத்தொரு சலங்கைக் கூடு. எல்லாம் பொடிசு. நீங்கள் வேண்டாமென்று சொன்னீர்களே, அவை. நெற்றும் சாம்பல் நிறம், கூடும் சாம்பல் நிறம். நான் பெரியதைப் பொறுக்கிக்கொண்டு மற்றதை நெற்றோடு சேர்த்து வாரிப் போட்டேன்.

அந்தக் கயிற்றை வாளியில் போட்டுக்கொண்டு கால்நடை உதவியாளர் பத்லாங்கிடம் எட்டு மைல் நடந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். பிறகு படிவத்தை எடுத்தார். அதில் இறப்புக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. "இதுக்குப் பேரு என்னம்மா?" என்றார். சலங்கைக் கூடு என்றேன். "சலங்க ஒரு நோயா? பேரு இல்லாம நான் என்னத்த எழுதுறது?" என்று சொல்லிவிட்டு 'பட்டினி' என்று எழுதினார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். உங்கள் அண்ணன் அந்தப் படிவத்தை ஊர்க்கூட்டத்தில் காட்டி, வயிறு நிறைந்த மாடு பட்டினியால் சாகுமா, இது அவளுடைய சூடுதான் என்கிறார். அவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது, பட்டினி இல்லை என்பது.

மரத்திலிருந்து கிழியாத கூடு சிலவற்றைப் பறித்து டீத்தூள் டப்பாவில் போட்டு இங்கே எடுத்து வந்தேன். நேற்று டப்பாவுக்குள் சரசரவென்று சத்தம். ஒரு கூட்டின் நுனி நனைந்து, அதிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு தடித்த பூச்சி வெளியே வந்தது. இறக்கை முதலில் சுருங்கிக் கிடந்தது, பிறகு விரிந்தது. விளக்கைச் சுற்றுமே, பெயர் இல்லாமல் பூச்சி என்று விரட்டுவோமே, அதுதான். காலியான கூட்டுக்குள் பார்த்தேன். அடியில் சுருண்ட தோல் ஒட்டியிருந்தது, கறுப்பு மயிரோடு. கோடைமழைக்குப் பின் வேலமரத்தை மொட்டையடிக்கிற கம்பளிப்புழுவின் தோல். செபாகாவிடம் தொடாதே, தொடாதே என்று கத்துவோமே. புழுவுக்கு ஒரு பெயர், கூட்டுக்கு ஒரு பெயர், பறப்பதற்குப் பெயரே இல்லை என்று நாம் வைத்திருக்கிறோம். மூன்றும் ஒரே உயிர். நீங்கள் காலில் கட்டி ஆடுவது அதன் வீடு.

செபாகா கேட்டாள், "இதுக்கு என்ன பேரும்மா?" தெரியாது என்றேன். "அப்பாவுக்கு எழுதிக் கேளு."

கேட்கிறேன். அதைவிட முக்கியமாக, உலுக்குவதை நிறுத்தச் சொல்லி உங்கள் அண்ணனுக்கு உடனே எழுதுங்கள். நான் சொன்னேன். "மாட்டப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?" என்றார். மயிலைக்குப் பின் இன்னும் இரண்டு போய், நான் கிளம்பும்போது ஆறு மாடு நின்றது. செவலை சினையாக இருக்கிறது, அசைபோட்டுக்கொண்டும் இருந்தது.

செகாமெத்சி

*

வெல்கோம்
24 செப்டம்பர்

செகாமெத்சிக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பிறகு என் சலங்கையிலிருந்து ஒரு கூட்டை அறுத்தெடுத்துப் பிரித்தேன். கல்லுக்குப் பக்கத்தில் அந்தத் தோல் இருந்தது. இத்தனை வருடம் ஆடியிருக்கிறேன், ஒரு தடவையும் உள்ளே பார்த்ததில்லை.

சுரங்க வாசகசாலையைப் பார்த்துக்கொள்கிற லெபூசா என்ற பெரியவரிடம் கூட்டைக் கொண்டுபோனேன். பூச்சிப் படங்கள் இருக்கிற ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். ஒரு மதியம் முழுக்கப் புரட்டினோம். கிடைத்தது. பெயரை அச்சு எழுத்து மாதிரி தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்: கோனோமெட்டா போஸ்டிகா. எதற்கு இப்படி ஒரு பெயர் என்று கேட்டேன். நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால் லண்டனில் ஒருத்தர், கப்பலில் போய்ச் சேர்ந்த செத்த பூச்சியைப் பார்த்து வைத்ததாம். லெபூசா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "அவருக்கு மாடு இருந்திருக்காதுப்பா."

பறக்கிற பூச்சியால் ஒன்றும் தின்ன முடியாதாம். சில நாள் இருந்து, முட்டையிட்டுவிட்டுச் செத்துவிடுமாம். தின்பதெல்லாம் புழுவாக இருக்கும்போதுதான். அந்த நூல் மாட்டு வயிற்றில் கரையவே கரையாதாம். பஞ்சகாலத்தில் நெற்றோடு சேர்ந்து மாடு தின்று செத்ததாகப் புத்தகத்திலேயே இரண்டு வரி இருக்கிறது, செகாமெத்சி. யாரோ முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் புத்தகம் நான் தங்கியிருக்கும் விடுதியிலிருந்து நூறு அடி தூரத்தில் இருந்திருக்கிறது.

ஒரு கிளையையும் விடாதே என்று எழுதியது நான். பொடிசு வேண்டாம் என்று எழுதியதும் நான். இன்னும் நன்றாக உலுக்குங்கள் என்று அண்ணனுக்கு எழுதியதும் நான்தான். பிறந்ததிலிருந்து அவர் என் பேச்சைக் கேட்டதில்லை. இதையும் கேட்டிருக்கமாட்டார் என்று இன்றைக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அலுவலகத்தில் போய் விடுப்புக் கேட்டேன். "மாடு செத்ததுக்கா? டிசம்பர் வரைக்கும் ஒப்பந்தம். போனா போ, திரும்பி வராத" என்றார்கள். போய்விடலாம் என்று பெட்டியைக் கட்டினேன். மாடும் போய், இந்த வேலையும் போனால் நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள் என்று மறுபடி அவிழ்த்தேன். உனக்கு அப்படி எழுதிவிட்டு, உன் முன்னால் வந்து நிற்கவும் பயமாகத்தான் இருக்கிறது.

நிறுத்தச் சொல்லி அண்ணனுக்கும் இன்றே எழுதிவிட்டேன். ஆனால் நம் பக்கம் அஞ்சல் எப்படி என்பது உனக்குத் தெரியும். நீ பட்டிக்குத் திரும்பிப் போ. அந்தப் பெயரை பத்லாங்கிடம் காட்டு. அந்தக் கட்டத்தில் எழுதச் சொல். அதை ஊர்க்கூட்டத்தில் படிக்கச் சொல். நான் சொன்னேன் என்று சொல், என் மனைவிமேல் குற்றமில்லை என்று.

இதை ஆகஸ்டிலேயே எழுதியிருக்கவேண்டும்.

லெட்சோலோ

*

மாட்டுப்பட்டி
21 அக்டோபர்

செபாகாவின் அப்பாவுக்கு,

உங்கள் தாள் பதினாறாம் தேதி கிடைத்தது. அன்றே செபாகாவை அம்மாவிடம் விட்டுவிட்டு நடந்தேன்.

பத்லாங் பெயரை இரண்டு தடவை படித்தார். "இங்க பாரு, இப்படிக் கொண்டாந்தா நான் எழுத மாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்று பழைய படிவத்தின் தன் நகலில் 'பட்டினி'யை அடித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் அழகாக எழுதி முத்திரை குத்தினார். நான் கேட்டேன், "பேரு எழுதியாச்சு. மருந்து?" "மருந்தெல்லாம் இல்லம்மா. உள்ள போயிட்டா போனதுதான்" என்றார்.

ஊர்க்கூட்டத்தில் தலைவர் அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். மூன்று தடவை படிக்கச் சொன்னார், கேட்க நன்றாக இருந்ததோ என்னவோ. நான் அந்தக் கயிற்றையே வாளியில் போட்டுக் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள், "அப்படியா, இங்கிலீசுல பேரே இருக்கா? அப்ப நெசந்தான்" என்றார்கள். ஒருத்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நல்லா இருக்கியா என்று விசாரித்தாள். ஆக, என்மேல் இருந்த பழி போயிற்று. நீங்கள் கேட்டது அதைத்தானே, அதனால் முதலில் எழுதுகிறேன்.

இனி மாடு. உங்கள் ஆகஸ்ட் கடிதத்தில் இருந்தபடியே உங்கள் அண்ணன் செய்திருக்கிறார், வரி பிசகாமல். மாட்டை வெளியே விடவில்லை. தொரட்டி எட்டாத கிளைக்கு ஏணி கட்டி ஏறியிருக்கிறார், அந்த வயதில். கை இரண்டும் முள்மயிர் குத்திப் புண்ணாகிக் கிடக்கிறது. நான் வந்தபோது ஆறில் ஒன்றுதான் நின்றது. செவலை. அதுவும் அசைபோடவில்லை. அவருக்கு நீங்கள் எழுதிய செப்டம்பர் கடிதம், எனக்கு வந்ததற்கு மறுநாள்தான் வந்தது. படித்துக் காட்டினேன். போய் ஏணியைச் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். அவரைத் திட்டவேண்டும் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்தேன். அவர் கையைக் கழுவ வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

போன வாரம் தூறல் போட்டது. வேலமரம் தளிர்விட்டிருக்கிறது. பூச்சிகள் எல்லாம் வெளியே வந்து கிளைக்குக் கிளை முட்டையிடுகின்றன. எத்தனை என்று நசுக்குவது? கொஞ்சம் நசுக்கினேன். பிறகு விட்டுவிட்டேன்.

இன்று காலை செவலை படுத்துவிட்டது. நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் அண்ணன் உள்ளேயிருந்து, "உள்ள வாம்மா. வெளிய நின்னு என்ன பாக்குற?" என்றார். ஜூலைக்குப் பிறகு அவர் என்னை நேராகப் பார்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. போனேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார், நான் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தேய்த்தால் ஒன்றும் ஆகாது என்று இருவருக்கும் தெரியும். உச்சிவேளைக்கு மூச்சு நின்றது.

மூச்சு நின்ற பிறகும் வயிற்றில் கன்று அசைந்தது. இன்னும் மூன்று மாதம் பாக்கி, எடுத்தாலும் பிழைக்காது. என் கை அங்கேயே இருந்தது. அவரும் கையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். இரண்டு தடவை உதைத்தது. பிறகு ஒரு தடவை, மெதுவாக. பிறகு இல்லை. நாங்கள் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார், "ஒனக்கும் இப்படித்தான் இருந்துச்சாம்மா?"

ஆமாம் என்றேன்.

செகாமெத்சி